அரை அங்குலம் குட்டை

நல்லம்மாளின் இடியாப்ப அச்சுக்கு மூன்று கால்கள். அதில் ஒன்று அரை அங்குலம் குட்டை.

ஈப்போவுக்குப் பக்கத்தில் ஜெலாப்பாங்கில் அவள் குடியிருந்த பலகை வீட்டின் சமையலறைத் தரை மட்டம் பார்த்துப் பூசியது. அதில் அந்த அச்சு நேராக நிற்காது. தினமும் காலையில் மாவைப் பிசைந்து முடித்ததும், வலது கால் பெருவிரலால் ஒரு பலகைத் துண்டைத் தள்ளிக் குட்டைக் காலுக்கு அடியில் கொடுப்பாள். குனிய மாட்டாள், பார்க்கவும் மாட்டாள். அச்சு நிமிர்ந்துவிடும். பிறகு மேலே இருக்கும் இரும்புச் சக்கரத்தை இடது கையால் சுற்ற ஆரம்பிப்பாள். ஏழு மணிக்குள் எண்பது இடியாப்பம் வெந்துவிடும். எட்டு மணிக்குச் சாலையோர மேசையில் தேங்காய்ப்பூவும் நாட்டுச் சர்க்கரையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், மலாய்க்காரர்கள் புத்து மாயாம் என்றும், தமிழர்கள் இடியாப்பம் என்றும், சீனர்கள் விரலை மட்டும் நீட்டியும் வாங்கிப் போவார்கள்.

குட்டைக் கால் அவள் வீட்டில் மட்டும் இருந்திருந்தால் சொல்ல ஒன்றுமில்லை. செமோரில், சுங்கை சிப்புட்டில், கம்பாரில், லூமுட்டில், கணக்குத் தெரிந்த வரையில் நாற்பது வீடுகளில் அதே அச்சு இருந்தது. நாற்பதிலும் ஒரு கால் அரை அங்குலம் குட்டை. நாற்பது வீட்டிலும் ஒரு பலகைத் துண்டு. எதற்கு இந்தக் குட்டைக் கால் என்று கேட்டவர்களுக்கெல்லாம் நல்லம்மாள் ஒரே பதில்தான் சொன்னாள்.

"படத்துல அப்படித்தான் இருக்கு."

அதனால் அவரவர் ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார்கள். கழுவினால் தண்ணீர் வடியத்தான் என்றாள் கம்பாரில் ஒருத்தி. லூமுட்டில் மீன்காரர் மனைவி வீரம்மா, அச்சு கொஞ்சம் சாய்ந்திருந்தால்தான் நூல் அறுபடாது என்று பக்கத்து வீடுகளுக்கெல்லாம் அடித்துச் சொல்லியிருந்தாள்.

உண்மையான காரணம் பேராக் மாநிலத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று நல்லம்மாள். இன்னொன்று அவள் தம்பி சீனி. அவன் ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் வெல்டர். அரை மணி நேரம் கொடுத்தால் அந்தக் காலைச் சரிசெய்துவிடுவான். பதினைந்து வருடமாக அந்த அரை மணி நேரத்தைத்தான் அவள் கொடுக்கவில்லை.

"லயம் போச்சு, லோங்காங் போச்சு, தோட்டமே போச்சு. இந்தக் கால் மட்டும் இன்னும் அங்கயே நின்னுக்கிட்டு இருக்கு, அக்கா" என்பான்.

"நீ தின்னுட்டு வேலைக்குப் போ."

*

1969இல் அவர்கள் செமோருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தார்கள். நல்லம்மாளுக்கு அப்போது இருபது வயது. அப்பா இல்லை. அம்மாவும் அவளும் ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டினார்கள். மழை பெய்து ஓய்ந்த ஒரு நாள், தோளில் சுமக்கும் காண்டாக் கம்பில் இரண்டு வாளிப் பாலோடு மேட்டிலிருந்து வழுக்கி விழுந்ததில் நல்லம்மாளின் வலது மணிக்கட்டு ஒடிந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டும் எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது. வெட்டுக்கத்தி பிடிக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இடியாப்பம் விற்கலாம் என்று அம்மா யோசனை சொன்னாள். ஆனால் இடியாப்பம் பிழியும் மர உழக்கை இரண்டு கையாலும் அழுத்தினால்தான் மாவு இறங்கும். இவளிடம் இருந்தது ஒன்றரைக் கை.

ரப்பர் ஸ்டோரில் ஃபிட்டராக இருந்த பத்துமலை அதே லயத்தில் நாலு வீடு தள்ளி இருந்தான். ரோலர் மெஷின், தண்ணீர்ப் பம்பு, துரை பங்களாவின் மின்விசிறி, எது நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் சாக்கில் எதையோ சுற்றி எடுத்துவந்து அவர்கள் சமையல்கட்டில் வைத்தான். மூன்று காலில் ஒரு வளையம். வளையத்தில் பால் டின் அளவுக்கு ஒரு குழாய். அதற்கு மேலே நீளமான திருகு. திருகின் தலையில் பழைய நீராவி வால்வின் சக்கரம்.

"இது பைப்பத் தொறக்குற சக்கரம்லா?" என்றாள் நல்லம்மாள்.

"தொறக்கத்தான் இருந்துச்சு. இப்போ பிழியப் போவுது. இடது கையால சுத்திப் பாரு நல்லு."

சுற்றினாள். மாவு நூல் நூலாக இறங்கியது. ஆனால் ஒரு பக்கமாக இறங்கியது. லயத்துச் சமையல்கட்டுத் தரை, கழுவின தண்ணீர் ஓட வேண்டும் என்று லோங்காங் கால்வாய்ப் பக்கமாகச் சரித்துப் பூசியிருந்தார்கள். பத்துமலை எழுந்து போய் ஸ்டோரிலிருந்து ரசமட்டம் எடுத்துவந்தான். வைத்துப் பார்த்தான். அடுப்புப் பக்கத்துக் காலைக் கழற்றி, அரை அங்குலம் அறுத்து, மறுபடி மாட்டினான்.

"தரையைச் சரி பண்ணச் சொல்லலாமே" என்றாள் அம்மா.

"தரையைச் சரி பண்ணணும்னா தொரையக் கேக்கணும், அத்தை. காலைச் சரி பண்ண யாரையும் கேக்க வேணாம்."

அன்றைக்கு அம்மா சீனிக்கு மூன்று இடியாப்பம் வைத்தாள். பத்துமலைக்கு ஆறு வைத்தாள். கல்யாணப் பேச்சு அந்த வீட்டில் அப்படித்தான் ஆரம்பமானது.

பக்கத்து வீட்டுப் பாப்பா தனக்கும் ஒன்று வேண்டும் என்றாள். பிறகு மூன்றாவது லயத்தில் இரண்டு பேர். பத்துமலைக்கு வேலை நேரம் போக அத்தனை செய்ய முடியவில்லை. ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியிடம் வருகை குறிக்கும் பழைய செக்ரோல் தாள் வாங்கி, பின்பக்கத்தில் படம் வரைந்து, அளவுகளைக் குறித்து, கார்பன் வைத்து நாலு பிரதி எடுத்தான்.

"இப்படி ஊருக்கெல்லாம் படம் போட்டுக் குடுத்தா ஆளாளுக்குச் செஞ்சுக்குவாங்களேப்பா" என்றாள் அம்மா.

"செஞ்சுக்கட்டும் அத்தை. வால்வும் தோட்டத்தோடது, பைப்பும் தோட்டத்தோடது. என்னோடது யோசனை ஒண்ணுதான். அதக் குடுத்தா என்கிட்ட கொறஞ்சா போவுது?"

"அப்போ உன் பேரை எதுக்குக் கீழ போட்டிருக்கே?"

"நாளைக்கு ஏதாச்சும் ஒடஞ்சா யாரையாவது திட்டணும்ல? ஆள் தெரியாமத் திட்டுறது கஷ்டம்."

*

வேலை அனுமதிச் சீட்டு என்று ஒரு சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்கள் அனுமதி இல்லாமல் வேலை செய்யக் கூடாது என்றார்கள். பத்துமலையும் அவன் அப்பாவும் சிவப்பு அட்டைக்காரர்கள். ஆபீஸில் பெரிய கிராணி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"எங்கேப்பா பொறந்த?"

"பேரச் சொன்னேனே ஐயா. பத்துமலை."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கிராணியும் சிரித்தார். ஆனால் பத்துமலைக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளை என்பதற்கு நோட்டில் இடமில்லை. சூரா என்ற பிறப்புச் சான்றிதழைக் கேட்டார்கள். லயத்தில் பிறந்த பிள்ளையை அப்பா எங்கேயும் பதியவில்லை. முதல் தடவை ஆறு மாதம் கொடுத்தார்கள். இரண்டாம் தடவை கொடுக்கவில்லை. அப்பா ஊருக்கே போய்விடலாம் என்றார். அது அப்பாவுக்குத்தான் ஊர். பத்துமலை அதைப் பார்த்ததுகூட இல்லை.

1970இல் ஈப்போ ரயில் நிலையத்தில், பினாங்குக்குப் போய் அங்கிருந்து ஊருக்குக் கப்பலேறப் போகும் கூட்டத்தின் நடுவில், அவன் நல்லம்மாளிடம் பேசியது எல்லாமே அச்சைப் பற்றித்தான். அம்மாவும் சீனியும் அவன் அப்பாவும் பக்கத்தில் நிற்கும்போது வேறென்ன பேச முடியும்?

"திருகுக்கு வாரத்துக்கு ஒரு தடவ தேங்காண்ணெ போடு."

"சரி."

"தட்டு ரெண்டு கூடுதலா வச்சிருக்கேன். ஓட்டை அடைச்சா ஊசி போடாத, வெந்நீர்ல போடு."

"சரி."

"வேற வீட்டுக்குப் போனீங்கன்னா எழுது. அந்தத் தரைக்குக் கால் எவ்வளவு வைக்கணும்னு சொல்றேன். நீயா அறுத்துராத."

"எழுதுறேன்."

"போயி ஒரு எடம் பார்த்துட்டு, தேதி வச்சு எழுதுறேன்" என்றான் கடைசியாக. எதற்குத் தேதி என்று அம்மாவும் கேட்கவில்லை, அவன் அப்பாவும் கேட்கவில்லை.

இரண்டு கடிதங்கள் வந்தன. முதல் கடிதத்தில் கப்பலில் வாந்தி எடுத்ததையும், ஊரில் தன்னை எல்லாரும் மலாயாக்காரன் என்று கூப்பிடுவதையும் எழுதியிருந்தான். இரண்டாவதில், சொந்தக்காரர் வீட்டில் சரிப்படவில்லை, வேறு ஊருக்கு வேலை தேடிப் போகிறோம், போய்ச் சேர்ந்ததும் விலாசம் எழுதுகிறேன் என்றிருந்தது.

அந்த விலாசம் வருவதற்குள் தோட்டம் துண்டு துண்டாக விலைபோனது. ஆபீஸைப் பூட்டினார்கள். லயத்தை இடித்தார்கள். கிராணி தைப்பிங் பக்கம் போய்விட்டார். தோட்டத்துக்கு வரும் கடிதங்கள் எங்கே போகின்றன என்று கேட்க செமோர் தபாலாபீஸுக்கு நல்லம்மாள் மூன்று தடவை நடந்தாள். தோட்டம் இல்லாவிட்டால் கடிதமும் திரும்பிப் போய்விடும் என்றார்கள். அவள் பழைய விலாசத்துக்குப் போட்ட கடிதம் ஐந்து மாதம் கழித்து, மேலெல்லாம் முத்திரை குத்தி, அவளிடமே வந்து சேர்ந்தது.

1972இல் ஜெலாப்பாங்குக்குக் குடிவந்து, புதுத் தரையில் அச்சை வைத்தாள். சாய்ந்தது. இந்தத் தரைக்குக் கால் எவ்வளவு என்று எழுதிக் கேட்க வேண்டும். எழுத விலாசம் இல்லை. சீனி கொண்டுவந்த ஒரு பலகைத் துண்டை அப்போதைக்கு அடியில் கொடுத்தாள்.

*

படத்தை எல்லாருக்கும் கொடுக்க வேண்டும் என்ற யோசனை, அவள் மேசைக்கு இடியாப்பம் வாங்க வந்த ஒரு பெண்ணால் வந்தது. அவள் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்துக்காரி. அச்சைப் பார்த்துவிட்டு, "எங்க அத்தை வீட்டுலயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு. யாரோ பத்துமலையாம், அவரு படமாம்" என்றாள். லயத்துப் பக்கத்து வீட்டுப் பாப்பா தன் சொந்தக்காரர் யாருக்கோ கொடுத்த கார்பன் பிரதி அங்கே போயிருந்தது.

நல்லம்மாள் அன்றைக்கு மேசையைச் சீக்கிரமே எடுத்துவைத்தாள். காகிதம் போகாத ஊரில்லை. பெயரோடு போனால் ஒரு நாள் பெயருக்குரியவனிடமும் போகும். அவ்வளவுதான் அவளுடைய கணக்கு. எண்ணெய் தடவிய தாளை வைத்துப் படத்தை நகலெடுத்தாள். அடியில் எழுதினாள்:

'இதைச் செய்தவர் செமோர் தோட்டத்து ஃபிட்டர் பத்துமலை. யாரும் செய்துகொள்ளலாம். எதையாவது மாற்றினால், மாற்றியதையும் உங்கள் பெயரையும் எழுதிக் கீழ்க்கண்ட விலாசத்துக்கு அனுப்பவும். படத்தைப் பிறருக்குக் கொடுக்கும்போது இந்த வரிகளோடு கொடுக்கவும்.'

அதற்கும் கீழே ஜெலாப்பாங் விலாசம்.

வாங்கியவர்கள் கொடுத்தார்கள். கொடுத்தவர்களிடமிருந்து வாங்கியவர்களும் கொடுத்தார்கள். ஈப்போவில் ஃபோட்டோஸ்டாட் கடைகள் வந்த பிறகு வேகம் கூடியது. ஒரு தடவை கம்பாரிலிருந்து வந்தவள் காட்டிய பிரதியில் அடி வரிகளைக் காணோம். தாள் நீளம், மெஷின் குட்டை, கடைக்காரன் அடியை விட்டுவிட்டான். நல்லம்மாளுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பிறகு படத்தை மறுபடி வரைந்து, அந்த வரிகளைக் குழாயின் படத்துக்குள்ளேயே எழுதிவிட்டாள். குழாயை வெட்டினால் அச்சே இல்லை.

கடிதங்களும் வந்தன. லூமுட் வீரம்மா, உப்புக் காற்றில் பித்தளைத் தட்டு பச்சை பிடிக்கிறது, எவர்சில்வரில் போட்டேன் என்று எழுதினாள். தாப்பாவிலிருந்து அர்ச்சுனன் என்பவர் திருகின் முனையில் ஒரு வளையம் சேர்த்தால் மாவு மேலே பிதுங்காது என்று வரைந்தே அனுப்பினார். ஒவ்வொன்றையும் படத்தின் ஓரத்தில், மாற்றியவர் பெயர் ஊரோடு, சேர்த்தாள். பத்து வருடத்தில் ஓரமெல்லாம் பெயர்கள். எல்லாரும் எதையாவது மாற்றினார்கள். குட்டைக் காலை மட்டும் யாரும் தொடவில்லை. ஏதோ காரணம் இருக்கும் என்று நம்பினார்கள்.

இரண்டு மூன்று வரன்கள் வந்தன. ஒருவர் ரயில்வேயில் வேலை, நல்ல மனிதர். அம்மா உயிரோடு இருந்தவரையில் கேட்டுப் பார்த்தாள். நல்லம்மாள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. மாவு பிசைந்துகொண்டே இருந்தாள். வந்தவர்கள் போனார்கள். வயது முப்பத்தைந்து தாண்டியதும் வருவதும் நின்றது.

*

1987இல் குமரப்பன் வந்தார். ஈப்போவில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த செட்டியார். கடைக்குப் பின்னால் சின்னப் பட்டறை உண்டு. அந்தப் பட்டறையில் இந்த அச்சை இருபது செய்து விற்றிருந்தார். இருபதும் போய்விட்டன. இன்னும் நூறு செய்வதற்கு முன் வீட்டுக்கே வந்து, மேசைக்கு எதிரில் உட்கார்ந்து, இரண்டு இடியாப்பம் சாப்பிட்டுவிட்டுப் பையிலிருந்து படத்தை எடுத்தார்.

"குழாய்க்குள்ள என்னம்மா இது, கடுதாசி எழுதி வச்சிருக்கீக?"

"வெளிய எழுதினா வெட்டிடுறாங்க, செட்டியாரே."

"நல்ல யோசனை. ஓரத்துல பாருங்க, கல்யாணப் பத்திரிகை மாதிரி இத்தனை பேரு. ஒரு இடியாப்ப அச்சுக்கு." டீயை உறிஞ்சினார். "விஷயம் இதுதான். இந்த வருஷம் புதுசாச் சட்டம் போட்டிருக்காக. எழுதுறது, வரையுறது எல்லாம் அவுகவுகளுக்குச் சொந்தம். கேக்காமப் பிரதி எடுத்தாக் கேஸு. நாளைக்கு எவனாவது வந்து என் படம்னு நின்னான்னா நான் மாட்டிக்குவேன். அதனால ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போடுங்க. படம் உங்களோடது, எனக்குக் குடுத்தீகன்னு. உங்களுக்குச் செய்ய வேண்டியத நான் செஞ்சுர்றேன்."

"வரையுறவருக்குச் சொந்தம்னா, இதை எங்க போய்ப் பதியணும்?"

"பதிய வேணாம்னு எங்க வக்கீல் சொன்னாரு. வரைஞ்ச நிமிஷமே வரைஞ்சவருக்குத்தான்."

"அப்ப இது பத்துமலையோடது."

"அவரு எங்க இருக்காரு?"

"அதத்தான் நானும் பதினேழு வருஷமாக் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

குமரப்பன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். கெட்ட மனிதர் இல்லை. "சரிம்மா. நீங்களும் வரைஞ்சிருக்கீகள்ல? உங்க பேர்ல இருக்கட்டும். ஆனா மத்தவுக செய்யுறத நிறுத்தணும். எல்லாரும் செஞ்சா நான் எதுக்குப் பட்டறையில போடுறேன்? இந்தப் பேரையெல்லாம் எடுத்துட்டு என் கடை முத்திரையப் போட்டு, இங்க நூறு, காரைக்குடியில எங்க பங்காளி கடைக்கு நூறு அனுப்புறதா இருக்கேன்."

சர்க்கரை டப்பாவை மூடப்போன நல்லம்மாளின் கை நின்றது. "காரைக்குடிக்கா?"

"அங்கேருந்து மதுரை, புதுக்கோட்டை, எல்லா ஊருக்கும் போகும்."

ஒரு வாரம் டைம் கேட்டாள்.

அந்த வாரம் இடியாப்பத்தில் இரண்டு நாள் உப்பு இல்லை. பதினைந்து வருடம் பேராக்குக்குள்ளேயே சுற்றிய காகிதம் ஒரே மூச்சில் கடல் தாண்டப் போகிறது. நூறு அச்சு. அதில் ஒன்றை அவன் பார்க்காமலா இருப்பான்? ஆனால் பார்த்தால் அதில் அவன் பெயர் இருக்காது. அவள் விலாசம் இருக்காது. யாரோ செட்டியார் முத்திரை இருக்கும். நம்ம அச்சை எவனோ செய்கிறான் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவான்.

"குட்டைக் கால் இருக்கும்ல?" என்றான் சீனி. "அதப் பார்த்தாத் தெரிஞ்சுரும்லா. கையெழுத்தப் போடு."

"போட்டா, வரைஞ்சது நான்னு ஆயிரும். வீரம்மா, அர்ச்சுனன் எல்லாரும் நாளைக்கு ஒண்ணு செஞ்சா கேஸுன்னு ஆயிரும். அவங்ககிட்ட யாரும் செய்யலாம்னு எழுதினது யாரு? நான்தானே?"

"எழுதினது நீ. சொன்னது அவரு."

"அதுதான்டா. அவரு குடுத்தத நான் எப்படி விக்குறது?"

ஒரு வாரம் கழித்துக் குமரப்பனிடம் புதிதாக வரைந்த ஒரு படத்தைக் கொடுத்தாள். "நீங்களும் செய்ங்க, எத்தனை வேணும்னாலும். மத்தவங்களும் செய்யட்டும். பேரை மட்டும் எடுக்காதீங்க."

"விலாசத்தோட சாமான் வித்தா, வாங்குறவன் உங்களுக்குக் கடுதாசி போடுவான். எனக்கு ஆர்டர் போட மாட்டான்" என்று சிரித்துவிட்டு எழுந்தார். ஆனால் படத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த மாதம் ஒரு கல்யாணத்துக்குக் காரைக்குடி போகிறாராம்.

*

குமரப்பன் திரும்பி வந்தது தைப்பூசம் கழித்து. இந்தத் தடவை சாப்பிடவில்லை. நின்றுகொண்டே ஒரு தாளை மேசையில் விரித்தார். முகத்தில் சந்தோஷம்.

"பாத்தீகளா? அங்க ஏற்கனவே இருக்கு. எங்க பங்காளிக்குத் தெரிஞ்ச பட்டறையில ஏழெட்டு வருஷமாப் போடுறானாம். பேரும் இல்ல, விலாசமும் இல்ல. சக்கரம் மட்டும் வேற. கால்கூட ஒழுங்கா இருக்கு. ஆள் இல்லாத படம். நான் இதையே போட்டுக்குறேன், உங்களுக்கும் தொந்தரவில்ல."

நல்லம்மாள் பார்த்தாள். பட்டறைக்காரன் எவனோ அளவுகோல் வைத்து மறுபடி வரைந்த படம். எழுத்து பத்துமலையின் எழுத்து இல்லை. மூன்று கால், வளையம், குழாய், திருகு. குழாயின் வாய் அளவு என்ற இடத்தில் 'பால் டின்' என்று எழுதி, பக்கத்தில் யாரோ ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு குறிப்பு:

'முதலில் செய்ததில் அடுப்புப் பக்கத்துக் கால் அரை அங்குலம் குட்டை. அது சரிந்த தரைக்காக. மட்டமான தரைக்கு மூன்று காலும் ஒன்றே.'

அவள் அதை மூன்று தடவை படித்தாள். ஒரு மலாய்க்காரப் பெண் வந்து நாலு இடியாப்பம் கேட்டாள். எடுத்துக் கொடுத்துவிட்டு, மீதிச் சில்லறை கொடுக்க மறந்து உள்ளே போனாள். குமரப்பனும் பின்னால் போனார். சமையலறையில் அச்சின் அடியிலிருந்த பலகைத் துண்டை அவள் காலால் தள்ளி விலக்கினாள். அச்சு சாய்ந்தது.

"ஆள் இருக்காரு, செட்டியாரே" என்றாள்.

லயத்துச் சமையல்கட்டையும் லோங்காங்கையும் ரசமட்டத்தையும் பற்றி அவள் சொல்லச் சொல்லக் குமரப்பன் அந்தத் தாளையும் காலையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பத்துமலை பேர் போட்டுத்தான் கொடுத்திருப்பான். பட்டறைக்காரன் மறுபடி வரையும்போது பேர் எதற்கு என்று விட்டிருப்பான். இரண்டு பேரும் அதையே நினைத்தார்கள். குமரப்பன் நாற்காலி இல்லாமல் அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தார்.

"நான் எழுதிக் கேக்குறேம்மா" என்றார். "எங்க பங்காளிய விட்டு நேராப் போய்க் கேக்கச் சொல்றேன்."

*

பதில் வர நாலு மாதம் ஆனது. குமரப்பனின் பங்காளி ஒரு கார்டில் எழுதியிருந்தார். படம் கொடுத்தவர் தேவகோட்டைப் பக்கம் பம்புசெட் பழுதுபார்க்கிறவர். ஊரில் மலாயாக்காரர் என்றால் தெரியும். மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். பெயர் பத்துமலை. கீழே விலாசம்.

சீனி கார்டைப் படித்துவிட்டு அக்காவைப் பார்த்தான். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். மூடி முடிந்த பிறகும் கொட்டாங்கச்சியைக் கொஞ்ச நேரம் துருவினாள்.

"எழுதப் போறியா?"

"எழுதாம? கேக்க வேண்டியத இன்னும் கேக்கலையே."

கடிதம் ஒரு பக்கம்தான். அம்மா இறந்தது, ஜெலாப்பாங்குக்கு வந்தது, தரை மட்டமாக இருப்பது, இந்தத் தரைக்குக் கால் எவ்வளவு வைக்க வேண்டும் என்பது. கூடவே ஓரமெல்லாம் பெயர்களோடு படத்தின் ஒரு பிரதி. பதினெட்டு வருடத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. படத்தின் ஓரத்தைப் பார்த்தால் ஃபிட்டருக்குப் புரிந்துவிடும்.

அவன் பதில் வந்தது. தோட்டத்து விலாசத்துக்கு நாலு கடிதம் போட்டதாகவும், இரண்டு திரும்பி வந்ததாகவும், பிறகு அப்பா காலமானதாகவும், எழுபத்தாறில் கல்யாணம் ஆனதாகவும் எழுதியிருந்தான். பெரிய பெண்ணுக்குப் பத்து வயது. மனைவிக்கும் இந்த அச்சுதான். தாப்பா அர்ச்சுனன் சேர்த்த வளையம் தனக்குத் தோன்றாமல் போனது, அவருக்குத் தன் வணக்கத்தைச் சொல்ல வேண்டும். பிறகு: 'மட்டமான தரையென்றால் மூன்றும் ஒன்பது அங்குலம். அன்றைக்கு ஸ்டேஷனிலேயே சொல்லியிருக்கலாம். நீ எழுதிக் கேட்க ஒரு காரணம் இருக்கட்டும் என்று சொல்லவில்லை.'

நல்லம்மாள் அதை மடித்துச் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். அன்றைக்கே படத்தின் ஓரத்தில் மிச்சமிருந்த இடத்தில் சேர்த்தாள்: 'மட்டமான தரைக்கு மூன்று காலும் ஒன்றே. மாற்றியவர்: பத்துமலை, தேவகோட்டை.' நாற்பது வீட்டுக்கும் பிரதி போனது. குமரப்பன் நூறு அச்சுப் போட்டார். எல்லாப் பெயருக்கும் தகட்டில் இடம் பற்றாது என்று பத்துமலையின் பெயரை மட்டும் பொறித்தார். மற்ற பெயர்களைப் படத்தோடு சேர்த்து ஒரு தாளில் அச்சடித்து, அச்சுக்குள் சுருட்டி வைத்துக் கொடுத்தார். லூமுட்டிலிருந்து வீரம்மா எழுதினாள்: 'பன்னிரண்டு வருடமாகச் சாய்த்து வைத்தால்தான் நூல் அறாது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். இப்போது என் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்ள? காரணம் தெரிந்திருந்தால் முதலிலேயே சொல்லியிருக்கலாமே அக்கா.'

அது நியாயம்தான். எல்லாவற்றையும் எல்லாருக்கும் கொடுத்தவள், அந்த அரை அங்குலத்தை மட்டும் தனக்கென்று வைத்துக்கொண்டாள். வீரம்மாவுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினாள். என்ன காரணம் என்று எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சீனி ஒன்பது அங்குலத்துக்குப் புதுக் கால் ஒன்று வெட்டி, பற்றவைத்து, ராவி, ரசமட்டம் வைத்துக் காட்டினான். குமிழி நடுவில் நின்றது. "பார்த்தியா, அரை மணி நேரம்" என்றான். கழற்றிய குட்டைக் காலை என்ன செய்வது என்று கேட்டான். பழைய இரும்புக்காரன் வந்தால் போடு என்றாள். பலகைத் துண்டு அடுப்புக்குப் போனது.

திங்கட்கிழமை காலையில் வழக்கம்போல மாவைப் பிசைந்து முடித்தாள். சக்கரத்தில் இடது கையை வைத்தாள். அச்சு நேராகத்தான் நின்றது. ஆனாலும் வலது கால் பெருவிரல் தரையில் நீண்டு, இல்லாத பலகையைக் கொஞ்ச நேரம் தேடிக்கொண்டிருந்தது.